கிணறு மட்டும் வரவில்லை

ஆஸ்டோரியா, ஓரிகன்
செப்டம்பர் 3, 1908

அன்புள்ள ஆல்மாவுக்கு,

"டீச்சர், வீடெல்லாம் கிளம்பிடுச்சு. கிணறு மட்டும் ஏன் வரல?"

உன் கணவன் ஈவெர் ஏழு வயதுப் பையனாக இருந்தபோது என்னைக் கேட்ட கேள்வி இது. கேட்ட இடத்தைச் சொன்னால் சிரிப்பாய். எங்கள் பள்ளிக்கூடம் அப்போது நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் அதற்குள் இருந்தோம்.

1883ஆம் வருடக் குளிர்காலம். ரயில் பாதை எங்கள் பிளம் ஃபோர்க்கைத் தொடாமல் இரண்டு மைல் தள்ளிப் போய்விட்டது. ரயில் ஊருக்கு வராவிட்டால் ஊர் ரயிலுக்குப் போகட்டும் என்று உன் மாமனார் ஆஸ்முண்ட் ரின்டால் முடிவு செய்தார். அந்தப் புல்வெளியில் முதல் வீடு கட்டியவர் அவர். அவர் சொன்னால் ஊர் கேட்கும். பூமி உறைந்து பனி இறுகியதும் ஒவ்வொரு வீட்டையும் நெம்பித் தூக்கி, அடியில் சறுக்குக் கட்டைகளைச் செருகி, ஊரிலிருந்த மாடு குதிரை எல்லாவற்றையும் பூட்டி இழுத்தார்கள். வோபால்கா வீடு போகும்போது புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தின் முறை வந்தபோது, "பிள்ளைங்கள இறக்கி விடுங்க டீச்சர்" என்றார்கள்.

"வெளிய நிக்க வெச்சா விறைச்சுப் போயிடுவாங்க. அடுப்பு உள்ளதான் இருக்கு. நீங்க இழுங்க" என்றேன் நான்.

அப்படித்தான் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டே நாங்கள் புல்வெளியைக் கடந்தோம். ஈவெர் ஜன்னலில் மூக்கை அழுத்தி, பின்னால் தனியாக நின்ற கிணற்று ராட்டினங்களைப் பார்த்தான். அப்போதுதான் அந்தக் கேள்வி. பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். பக்கத்தில் நடந்து வந்த ஆஸ்முண்ட் ஜன்னல் வழியாகவே பதில் சொன்னார்: "அதுக்குக் கால் இல்லடா. மண்ணு இளகட்டும், ஒவ்வொண்ணா நான் மூடிடறேன்."

ஊர் இடம் மாறிய இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்காக ரின்டால் குடும்ப வரலாற்றை எழுத உட்கார்ந்திருக்கிறாய், எனக்குத் தெரிந்ததைக் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வீடுகளின் உள்பக்கம்தான். அந்தக் காலத்தில் டீச்சருக்குத் தனி வீடு கிடையாது. சில வாரம் ஒரு வீடு, சில வாரம் அடுத்த வீடு என்று மாறி மாறித் தங்க வேண்டும். ஊரில் எல்லா வீட்டுத் தண்ணீரையும் குடித்தவள் நான் ஒருத்திதான். கத்பர்ட் வீட்டுத் தண்ணீரில் இரும்பு வாடை. டீ கறுத்துப் போகும். வோபால்கா வீட்டுத் தண்ணீர் இனிக்கும். உங்கள் வீட்டுத் தண்ணீர் ஆகக் குளிர்ச்சி, பல் கூசும்.

ஆஸ்முண்டும் உன் மாமியார் கன்ஹில்டும் மாட்டு வண்டியில் வந்தபோது ஓர் இரும்பு அடுப்பும், ஈரச் சாக்கில் சுற்றிய ருபார்ப் கிழங்கும்தான் கொண்டுவந்தார்களாம். அந்தக் கிழங்கைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் நட்டாள் கன்ஹில்ட். அந்தச் செடியின் புளிப்புத் தண்டில் அவள் செய்யும் பணியாரத்துக்காகவே அவர்கள் வீட்டு முறை எப்போது வரும் என்று நான் காத்திருப்பேன்.

பழைய ஊர்த் திடலிலேயே புது வீடு கட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். அந்த ருபார்ப் இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு வரி எழுது. ஈவெரையும் ஒரு வரி எழுதச் சொல். இத்தனை வருடத்தில் அந்தப் பையன் எனக்கு ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை.

என் தங்கை ஃபீபியின் அன்பையும் சேர்த்து,
ஹெஸ்டர் குயின்பி

*

பிளம் ஃபோர்க், தெற்கு டகோட்டா
செப்டம்பர் 11, 1908

மதிப்புக்குரிய டீச்சருக்கு ஆல்மாவின் வணக்கம்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். பள்ளிக்கூடம் நகர்ந்த இடத்தில் ஈவெர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு சமாளித்துக்கொண்டு, "டீச்சர் இன்னும் என்னை விடலையா? நான் கடுதாசி எழுதினா சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்புவாங்க. அந்த வம்பே வேணாம்" என்றார். அதனால் வழக்கம்போல நானே எழுதுகிறேன்.

ருபார்ப் இருக்கிறது! காடாய் மண்டிக் கிடக்கிறது. பழைய வீட்டில் மிச்சம் அது ஒன்றுதான். அதற்குப் பின்னால் மண் கொஞ்சம் மேடாக இருக்கிறது, அதன் நடுவில் ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

விழாவை அக்டோபர் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, எங்கள் திடலிலேயே வைத்திருக்கிறோம். ஊரே வருகிறது. மேசை போட்டுச் சாப்பாடு, பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம், பிறகு பாட்டு. அதற்கு முன்னால் ஈவெர் திடல் முழுக்கப் புல்லை வெட்டிவிடுவார். அவர் அப்பா எல்லாக் கிணற்றையும் ஒரே வசந்தத்தில் மூடிய கதையை மேடையில் அவரே சொல்லப் போகிறார். அவருக்கு அது பெரிய பெருமை.

எங்கள் சிக்னேவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. புது வீட்டுக் கிணற்றைச் சுற்றி ஈவெர் வெள்ளையடித்த கற்கள் பதித்து, கல்லைத் தாண்டக் கூடாது என்று பழக்கியிருக்கிறார். "கிணறுன்னா?" என்று நாங்கள் கேட்க வேண்டும், "நிக்கணும்!" என்று அவள் கத்திவிட்டுச் சிலை மாதிரி நிற்க வேண்டும். இப்போது இது விளையாட்டாகிவிட்டது. சாப்பிடும்போது யாராவது கிணறு என்று சொல்லிவிட்டால் வாயில் கரண்டியோடு அப்படியே உறைந்துவிடுகிறாள்.

அவளுக்கு ஒரு சிநேகிதியும் கிடைத்திருக்கிறாள். சொன்னால் ரசிப்பீர்கள். ருபார்ப்புக்குப் பின்னால் அந்த மேட்டில் தரை அணில் பொந்துகள் இருக்கின்றன. அங்கே குப்புறப் படுத்துக்கொண்டு பொந்துக்குள் பாடுகிறாள். "தரைக்குள்ள ஒரு பாப்பா இருக்காம்மா. நான் பாடினா அவளும் பாடறா. நான் 'யாரு'ன்னு கேட்டா அவளும் 'யாரு'ங்கறா. அவளுக்கு என்னைவிட பெரிய குரலு" என்கிறாள். நேற்று அந்தப் பாப்பாவுக்குக் குளிருமே என்று தன் கையுறையைப் பொந்துக்குள் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான் திட்டினேன், பிறகு தனியாகச் சிரித்தேன்.

ஈவெர் மட்டும் சிரிக்கவில்லை. அவரிடம் ஒரு வினோதம் உண்டு, டீச்சர். எங்கள் வீட்டு உருளைக்கிழங்குக் குழிக்குத் தரையில் ஒரு பலகைக் கதவு இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அதன்மேல் கால் வைத்து நான் பார்த்ததில்லை, சுற்றிக்கொண்டுதான் போவார். ஒருமுறை பிடித்துக் கேட்டேன். "சின்ன வயசுல அம்மா பயமுறுத்துவாங்க. சமையல்கட்டுத் தரைக்கு அடியில நீர்க்கிழவன் உக்காந்திருக்கான், மேல நின்னா காலைப் பிடிச்சு இழுத்துடுவான்னு. அவங்க பிறந்த ஊர்க் கதை. விடு" என்றார். இவ்வளவு பெரிய ஆள்!

குடும்ப வரலாற்றுக்கு இன்னும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆல்மா ரின்டால்

*

தந்தி
ஆஸ்டோரியா, செப்டம்பர் 17

ஆல்மா ரின்டால், பிளம் ஃபோர்க்.
குழந்தையை ருபார்ப் பக்கம் விடாதே. அடியில் கிணறு. கடிதம் வருகிறது. குயின்பி.

*

ஆஸ்டோரியா
செப்டம்பர் 17, 1908

அன்புள்ள ஆல்மா,

தந்தி கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் தெருவில் ஓடியதைப் பார்த்துத் தங்கை ஃபீபி பயந்துவிட்டாள். "எழுபது வயசுல தொப்பியில்லாம ஓடறியே அக்கா, என்ன தீப்பிடிச்சுதா?" என்று பின்னாலேயே வந்தாள். தீ என்றால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். தீ கண்ணுக்குத் தெரியும்.

பதறாமல் படி. நானும் பதறாமல் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஓர் உதாரணம். உன் அலமாரியிலிருந்து ஒரு காலி ஜாடியை எடுத்து அதன் வாயருகே குனிந்து பாடு. ஜாடி உன்னோடு சேர்ந்து பாடும், உன்னைவிடக் கனத்த குரலில். இப்போது அதே ஜாடியில் மாவை நிரப்பிவிட்டுப் பாடு. பேசாமல் இருக்கும். மூடிய மண் பதில் சொல்லாது, ஆல்மா. உன் மகளுக்குப் பதில் வருகிறது என்றால் அவள் படுத்திருக்கும் இடத்துக்கு அடியில் ஒன்றுமில்லை. பழைய பலகையும், அதன்மேல் புல் வேர் பிடித்த கொஞ்சம் மண்ணும், அவ்வளவுதான்.

அங்கே எப்படிக் கிணறு என்று ஈவெர் கேட்பான். அவனுக்கு இதைப் படித்துக் காட்டு.

உங்கள் வீட்டுக்கு இரண்டு கிணறு. வேலியோரம் இருந்த முதல் கிணற்றைத்தான் ஊருக்குத் தெரியும். 1881இன் பெரும்பனிக்காலத்தில் பக்கத்து வீட்டு எபன் கத்பர்ட் ஒரு வாளி தண்ணீர் எடுக்க வெளியே போனார். வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் புயல் வந்து கண்ணை மறைத்துவிட்டது. பனி உருகிய பிறகுதான் அவர் கிடைத்தார், தன் கிணற்று ராட்டினத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில். அன்றிலிருந்து கன்ஹில்ட் தூங்கவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் ஆஸ்முண்ட் வீட்டுப் பின்சுவரை ஒட்டி இன்னொரு கிணறு வெட்டி, அதைச் சுற்றிப் புல்வேர் மண்கட்டியால் சுவர் எழுப்பி, அதையே சமையலறையாக்கினார். தரையெல்லாம் பலகை. நடுவில் ஒரு பலகைக் கதவு. கதவைத் தூக்கினால் தண்ணீர். எவ்வளவு புயல் அடித்தாலும் யாரும் வெளியே போக வேண்டாம்.

நான் அந்தச் சமையலறைக்கு அடுத்த திரைக்குப் பின்னால் படுத்திருக்கிறேன். கன்ஹில்ட் காலையில் கதவைத் தூக்கும்போது எழும் குளிர் மூச்சு என் முகத்தில் படும். வாளி இறங்கும் சத்தம் நிற்க நேரமாகும். அவ்வளவு ஆழம்.

ஈவெருக்கு அப்போது ஐந்து வயது. எதையும் எட்டிப் பார்க்கும் பையன். கிணறு என்று சொன்னால் கதவைத் திறந்து பார்த்துவிடுவான் என்று பயந்துதான் அவள் நீர்க்கிழவனைக் கொண்டுவந்து அங்கே உட்காரவைத்தாள். வெட்டி முடியும்வரை அவனைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள், பிறகும் அவன் எழும் முன்பே தண்ணீரை எடுத்து வைத்துவிடுவாள்.

மர வீட்டை இழுத்துப் போக முடிந்தது. மண் சுவர்ச் சமையலறை வருமா? அதை அப்படியே விட்டுவிட்டு ஆட்டுக் கொட்டிலாக்கினார்கள். ஆடுகளுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. அந்த வசந்தத்தில் ஆஸ்முண்ட் ராட்டினம் ராட்டினமாகப் போய் ஊர்க் கிணறுகளையெல்லாம் மூடினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சமையலறைக் கிணற்றைக் கடைசியாக மூடலாம் என்று வைத்திருந்தார். நான் கோடையில் ஓரிகனுக்குக் கிளம்பும்போது அது திறந்துதான் இருந்தது. இலை உதிரும் முன்பு காய்ச்சலில் அவர் போய்விட்டார் என்று கடிதம் வந்தது. மூடினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. உன் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கொட்டிலின் மண் சுவர்கள் இடிந்து அந்தப் பலகைகள்மேல் விழுந்து புல் மண்டியிருக்க வேண்டும், நீ எழுதிய மேடு அதுதான்.

நீயும் அங்கே போகாதே. மேட்டில் ஏறிப் பார்க்கலாம் என்று நினைக்காதே. குழந்தையின் எடை வேறு, உன் எடை வேறு.

உடனே பதில் எழுது.

ஹெஸ்டர் குயின்பி

*

பிளம் ஃபோர்க்
செப்டம்பர் 19, 1908, சனிக்கிழமை

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

தந்தியை ரயில் நிலையத்தில் ஈவெரிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நேரே கடப்பாரையோடு திடலுக்குப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மூடிய கிணறு ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடித்து, கடப்பாரையால் குத்தி, ஏறி மிதித்துப் பார்த்தார். எல்லாமே கல்லும் மண்ணுமாக இறுகிக் கிடக்கிறது. திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"எங்க அப்பா ஒழுங்கா மூடலைன்னு சொல்றாங்களா டீச்சர்?"

"அப்படிச் சொல்லல ஈவெர். ருபார்ப் பக்கம்னுதான்..."

"எங்க கிணறு வேலிகிட்ட இருந்தது. அப்பாகூட நின்னு நானே கல்லு போட்டேன். ருபார்ப் இருக்கற இடம் சமையல்கட்டு. சமையல்கட்டுக்குள்ள எவனாவது கிணறு வெட்டுவானா? வயசாச்சு, பாவம், குழம்பிட்டாங்க."

கோபித்துக்கொள்ளாதீர்கள், டீச்சர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் ஏறி மிதித்தவர், ருபார்ப் மேட்டுக்கு மட்டும் போகவில்லை. நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். கடப்பாரையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். பிறகு திரும்பிவிட்டார். "அங்கயும் பாத்தியா?" என்று கேட்டேன். "அங்க என்ன இருக்கு பாக்கறதுக்கு?" என்றார். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

சிக்னேவை நான் வெளியே விடவில்லை. ஜன்னலில் நின்று, "பாப்பா தனியா இருக்காம்மா, கூப்பிடறா" என்று அழுகிறாள். போன வாரம் இதே பேச்சுக்குத்தான் சிரித்தேன்.

கடிதம் வருகிறது என்று தந்தியில் இருந்தது. அது வரும்வரை பொறு என்று ஈவெரிடம் கெஞ்சிப் பார்த்தேன். விழாவுக்கு நாள் நெருங்குகிறது, வெட்டிய புல் காய வேண்டும், முடியாது என்கிறார். திங்கட்கிழமை காலை குதிரைகளைப் பூட்டித் திடல் முழுக்கப் புல் வெட்டுகிறார். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வருவார். நடுவில் இருப்பது ருபார்ப்.

பயத்துடன்,
ஆல்மா

*

ஆஸ்டோரியா
செப்டம்பர் 24, 1908, வியாழக்கிழமை

அன்புள்ள ஆல்மா,

உன் சனிக்கிழமைக் கடிதம் இன்று காலைதான் வந்தது. அதில் திங்கட்கிழமை இனிமேல் வரப்போகிறது. எனக்கோ அது போய்விட்டது. அங்கே நடந்திருந்தால் நடந்து முடிந்துவிட்டது. நான் இப்போதுதான் பயந்துகொண்டிருக்கிறேன்.

என் கடிதம் செவ்வாய்க்கு முன்னால் உன் கைக்கு வந்திருக்க வழியில்லை. இரண்டாவது தந்தி கொடுத்தேன். பதில் இல்லை. தந்திக்காரப் பையன் எங்கள் தெருவில் நடந்தாலே நான் ஜன்னலுக்கு ஓடுகிறேன். ஃபீபி ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டாள். "அவன் வந்தா கதவைத் தட்டுவான் அக்கா. நீ வழியைப் பாத்துக்கிட்டே நின்னா சீக்கிரமா வந்துடுவானா?" என்கிறாள். அவளும் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இரண்டு குதிரை, புல் வெட்டும் ஓர் இரும்பு வண்டி, அதன்மேல் ஈவெர். அந்தப் பலகைகளுக்கு இருபத்தைந்து வயது.

ஒரே ஒரு வார்த்தை எழுது. எதுவானாலும் எழுது.

ஹெஸ்டர்

*

பிளம் ஃபோர்க்
செப்டம்பர் 24, 1908

அன்புள்ள டீச்சர்,

முதலில் இது. நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். இந்த வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

திங்கட்கிழமையே எழுதியிருக்க வேண்டும். சிக்னேவை மடியை விட்டு இறக்க மனம் வரவில்லை.

அன்று விடியும்போது முதல் உறைபனி விழுந்திருந்தது. திடல் முழுக்க வெள்ளை. நான் வாசலில் நின்று பார்த்தேன். ருபார்ப்புக்குப் பின்னால், மேட்டின் நடுவில், வட்டமாக ஓர் இடம் மட்டும் வெளுக்கவில்லை. பச்சையாக, ஈரமாக இருந்தது. அதிலிருந்து மெல்லிசாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. மண்ணுக்குள் யாரோ மூச்சு விடுவது போல.

ஈவெர் புல் வெட்டும் வண்டியை ஓட்டத் தொடங்கிவிட்டார். நான் ஓடிப்போய்க் கையைக் காட்டினேன். வண்டிக் கத்திகளின் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் வெட்டாத புல் சுருங்கிக்கொண்டே வந்தது. வீட்டுக் கதவைத் தாழ் போடாமல் ஓடி வந்தது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

சிக்னே என்னைத் தாண்டி ஓடினாள்.

"அப்பா, நிறுத்து! பாப்பா மேல வண்டி ஏறிடும்! பாப்பா, எழுந்து வா!"

மேட்டைப் பார்த்து ஓடுகிறாள், டீச்சர். ஈவெர் அவளைப் பார்த்துவிட்டார். அவளுக்கு முன்னால் அந்த ஆவி எழுவதையும் பார்த்துவிட்டார். கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் வாயிலிருந்து வந்தது அவர் குரலே இல்லை. "நீர்க்கிழவன்! நீர்க்கிழவன்! நில்லு!" என்று ஒரு பெண் கத்துவது போலக் கத்தினார்.

சிக்னேவுக்கு அந்த வார்த்தை தெரியாது. அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

நான் கத்தினேன். எனக்குத் தெரிந்தது உங்கள் தந்தியில் இருந்த ஒரு வார்த்தைதான். "சிக்னே! கிணறு!"

நின்றாள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், கை இரண்டும் விரித்தபடி, சாப்பாட்டு மேசையில் நிற்பாளே, அப்படி. "நிக்கணும்!" என்று தானாகவே கத்தினாள். வெளுக்காத அந்த வட்டத்தின் விளிம்பில் இருந்தது அவள் செருப்பு நுனி. அவ்வளவு பக்கம்.

ஈவெர் வைக்கோல் வாரியை எடுத்துக்கொண்டு வந்தார். மேட்டுக்கு முன்னால் குப்புறப் படுத்து, நீளக் கைப்பிடியை அவளிடம் நீட்டி, "கண்ணு, இதைப் பிடிச்சுக்கோ. அப்பா உன்னை மீன் பிடிக்கறேன்" என்றார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இழுத்து என் மடியில் போட்டார்.

பிறகு அதே கைப்பிடியால் அந்தப் பச்சை வட்டத்தை ஒரு குத்து குத்தினார். புல் அப்படியே உள்ளே இறங்கிப் போயிற்று, ருபார்ப்பில் பாதியோடு. சத்தம் வரவில்லை. வரவே இல்லை. பிறகு வந்தது. குதிரைகள் பின்வாங்கின.

ஈவெர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். "கிணறுன்னு சொல்லியிருக்கலாம்ல அம்மா" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

உங்கள் கடிதம் மறுநாள் வந்தது. அதை அவரே படித்தார், நின்றபடி, இரண்டு தரம். நேற்றிலிருந்து ஊர் ஆண்கள் வண்டி வண்டியாகக் கல் கொண்டுவந்து போடுகிறார்கள். இன்னும் நிறையவில்லை. உங்கள் இரண்டாவது தந்தி இப்போதுதான் வந்தது. இந்தக் கடிதம் உங்களை எட்டும்வரை நீங்கள் தவிப்பீர்களே என்று ஈவெர் ரயில் நிலையத்துக்குப் போயிருக்கிறார், பதில் தந்தி கொடுக்க.

விழாவில் அப்பாவின் கதையை அவர் சொல்லப் போவதில்லை. நீங்கள் எழுதி அனுப்புவதைப் படிக்கப் போகிறாராம்.

உங்கள் ஆல்மா

டீச்சர், கிணறு ஏன் எங்ககூட வரலன்னு இப்ப எனக்குத் தெரியும். அது எங்களுக்காக அங்கயே காத்துக்கிட்டு இருந்திருக்கு. உங்களைக் குழம்பிட்டாங்கன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க. சிவப்பு மையில திருத்திடாதீங்க. ஈவெர்.

*

ஆஸ்டோரியா
செப்டம்பர் 28, 1908

அன்புள்ள ஈவெர், ஆல்மா இருவருக்கும்,

ஈவெர், உன் தந்தி வந்த அன்று ஃபீபி அந்தப் பையனுக்கு ஒரு தட்டு நிறையப் பணியாரம் கொடுத்து அனுப்பினாள். அவன் அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே சுற்றுகிறான். உன் நாலு வரியில் ஒரு பிழையும் இல்லை. இருபத்தைந்து வருடம் காத்திருந்ததற்கு அது போதும்.

உன் அம்மாவைக் கோபிக்காதே. புயலில் போன எபன் கத்பர்டைப் பனி உருகிய பிறகு தூக்கி வந்து அவர்கள் வீட்டு மேசையில் கிடத்தியபோது, முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டவள் அவள்தான். அதற்குப் பிறகு பயத்தைத் தவிர அவள் கையில் வேறு பொருள் இல்லை. இருந்ததை உனக்குக் கொடுத்தாள். அந்தப் பயம் உன்னைக் கிணற்றில் விழாமல் காத்தது. அன்றைக்குத் திடலில், கடப்பாரையோடு போனபோதும் உன்னைத் தடுத்து நிறுத்தியது அதுதான். ஆனால் பயம் உன்னோடு நின்றுவிட்டது, உன் மகளுக்கு வந்து சேரவில்லை. நீ வெள்ளைக் கல் பதித்து, பெயர் சொல்லிப் பழக்கினாயே, அது வந்து சேர்ந்தது. நான் முப்பது வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தேன். இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

சிக்னே தன் சிநேகிதியைத் தேடுவாள். பாப்பா செத்துவிட்டாள் என்று சொல்லிவிடாதே, ஆல்மா. காலி ஜாடியை அவள் கையில் கொடுத்துப் பாடச் சொல். பாப்பா அவள் குரல்தான் என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

விழாவில் படிக்க ஒரு பக்கம் கேட்டிருக்கிறாய். குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் அது கிணற்றில் போய் நின்றது. நாங்கள் வீட்டைக் கொண்டுபோனோம், அடுப்பைக் கொண்டுபோனோம், பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளோடு கொண்டுபோனோம். பூமிக்குள் வெட்டியதை விட்டுவிட்டுப் போனோம். எங்களைப் போல வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போன ஊர்கள் அந்தப் புல்வெளியில் இன்னும் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களும் உங்கள் விழாவுக்கு வருவார்கள். ஆகவே வரலாற்றுக்குப் பதில் இதைப் படித்துவிடு:

உங்கள் நிலத்தில் எங்காவது யாரும் நடாத ருபார்ப்போ வீட்டுப் பூச்செடியோ தானாக வளர்ந்து நின்றால், அங்கே ஒரு வீடு இருந்தது. அடுத்த உறைபனி விழும் காலையில், வெயில் ஏறும் முன்பு, வாசலில் நின்றபடியே அந்த இடத்தைப் பாருங்கள். எல்லாம் வெளுத்திருக்க, அடியில் உள்ள கிணற்றின் கதகதப்பில் ஓரிடம் மட்டும் வெளுக்காமல் இருந்தால் அதனருகே போகாமல், தூரத்திலேயே ஒரு கம்பை நட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டு அதன் பெயரைச் சொல்லுங்கள்.

உங்கள்,
ஹெஸ்டர் குயின்பி